தோளுக்குள் ஒரு சுருக்குப்பை

போகிக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்கு ஒரு வீராப்பு வந்தது. இந்த வருஷம் பெயின்டரைக் கூப்பிட வேண்டாம், கூடத்துக்கு நானே வெள்ளையடிக்கிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஸ்டூல்மேல் ஏறி, பிரஷ்ஷைத் தலைக்கு மேலே பிடித்து, இரண்டு நாள் மேலும் கீழுமாக இழுத்தேன். என் அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எதைப் பார்த்தாலும் எண்ண ஆரம்பித்துவிடுவாள். ஒரு சுவருக்கு எத்தனை இழுப்பு என்று எண்ணிக்கொண்டே வந்தவள், 300 தாண்டியதும் அலுத்துப்போய் மாடிக்குப் பட்டம் விடப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் சட்டை போடப் போனேன். இடது கை நுழைந்துவிட்டது. வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினேன். கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. பாதி வழியில், தோளுக்குள் யாரோ ஊசியை விட்டுத் திருகியதுபோலச் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் வலது கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டேன். காதுக்குப் பக்கத்தில் வந்ததும் வலி குறைந்துவிட்டது! இறக்கும்போது அதே பாதி வழியில் மறுபடி சுரீர்.

“கீழேயும் வலிக்கலை, மேலேயும் வலிக்கலை, நடுவுல மட்டும் வலிக்குதா? நடிக்கிறீங்களா மாமா?” என்றாள் அந்த வாண்டு.

நடிக்கவில்லை. அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் தோளைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. மருத்துவர்களும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது ஏறத்தாழ 60 பாகையிலிருந்து 120 பாகை வரை மட்டும் வலித்தால், அவர்கள் கவனம் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய்விடும்.

அந்த இடத்தைப் பார்க்க ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு சோடா பாட்டில் மூடியும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் குழிவான பக்கம் வெளியே தெரிய நிறுத்திப் பிடித்து, அதில் பழத்தை ஒட்டி வைத்துப் பாருங்கள். விட்டால் விழுந்துவிடும், இல்லையா? உங்கள் தோள் மூட்டு இப்படித்தான் இருக்கிறது. மேல்கை எலும்பின் உருண்டைத் தலைதான் எலுமிச்சம்பழம். முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் உள்ள ஆழமில்லாத குழிதான் மூடி. உருண்டையில் மூன்றில் ஒரு பங்குகூட அந்தக் குழிக்குள் உட்காருவதில்லை. இடுப்பு மூட்டு இப்படி இல்லை. அங்கே குழி கிண்ணம் மாதிரி ஆழமானது. உருண்டை உள்ளே போய் அமர்ந்துகொள்ளும். அதனால் கால் உறுதியாக நிற்கும், ஆனால் கை மாதிரிச் சுழலாது.

குழி ஆழமில்லாததால்தான் நாம் முதுகு சொறிகிறோம், பந்து வீசுகிறோம், கிளையைப் பிடித்துத் தொங்குகிறோம். உங்கள் தெரு நாயைக் கவனித்துப் பாருங்கள். முன்னங்காலை முன்னும் பின்னும் வீசும். நம்மைப் போலப் பக்கவாட்டில் விரிக்கச் சொன்னால் முடியாது. பூனைக்குக் காறை எலும்பே ஒரு சின்னத் துணுக்குதான். வேறு எந்த எலும்போடும் சேராமல் தசைக்குள் மிதந்துகொண்டிருக்கும். அதனால்தான் தலை நுழைகிற இடுக்கில் பூனையின் உடம்பும் நுழைந்துவிடுகிறது. ஓடுவதற்கும் நுழைவதற்கும் அந்தத் தோள் போதும். மரத்தில் தொங்கிப் பழகிய குரங்கினங்களின் வழியில் வந்த நமக்குத்தான் எல்லாப் பக்கமும் திரும்பும் தோள்.

சரி, குழியில் உட்காராத உருண்டையை யார் பிடித்துக்கொள்கிறார்கள்? நான்கு தசைகள். தோள்பட்டை எலும்பின் முன்னும் பின்னும் கிளம்பி, நாலு விரல்கள் ஒரு பந்தைப் பிடிப்பதுபோல உருண்டையைச் சுற்றிப் பிடித்துக் குழியோடு அழுத்தி வைத்திருக்கின்றன. ஆங்கில மருத்துவத்தில் இவற்றுக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். சட்டைக் கையின் கஃப் நினைவுக்கு வருகிறதா? அதேதான். மணிக்கட்டைச் சட்டைப் பட்டி சுற்றியிருப்பதுபோல எலும்பின் தலையைச் சுற்றியிருக்கும் பட்டி. தோளுக்கு மேலே புடைத்துத் தெரிகிறதே, பயில்வான்கள் காட்டும் அந்தத் தசை வேறு. அது டெல்டாய்டு. பலசாலி. ஆனால் கையைத் தூக்கும்போது உருண்டையையும் சேர்த்து மேலே இழுத்துவிடப் பார்க்கும். நான்கு தசைகளும் “இரு, இரு” என்று கீழே பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் கீழே பிடிக்க வேண்டும்? மேலே கூரை இருக்கிறது. தோளின் உச்சியைத் தொட்டுப் பாருங்கள். கழுத்திலிருந்து வரும் காறை எலும்பு முடிகிற இடத்தில் தட்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். தோள்பட்டை எலும்பிலிருந்து தாழ்வாரம்போல முன்னால் நீண்டு வருகிற பாகம் அது. பெயர் அக்ரோமியன். அந்தத் தாழ்வாரத்துக்கும் கீழே இருக்கும் உருண்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான். அந்த இடுக்கு வழியாகத்தான் நான்கு தசைகளில் ஒன்றின் நாண் போகிறது. கையைத் தூக்கும்போதெல்லாம் எலும்புக்கடியில் நாண் உரச வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை கையைத் தூக்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தலை வாருவது, வகுப்பில் “நான் சொல்றேன் டீச்சர்” என்பது, அலமாரியில் ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவை எட்டுவது. இத்தனைக்கும் அந்த நாண் பிய்ந்துபோகாமல் இருக்கிறதே, எப்படி?

இந்த இடத்தில்தான் சுருக்குப்பை வருகிறது.

ஒரு சோதனை செய்வோம். சின்ன பிளாஸ்டிக் கவர் ஒன்றில் இரண்டே சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். காற்றை வெளியேற்றி, வாயை மடித்து, செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். மேசைமேல் வைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்தி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கவரின் கீழ்ப்பக்கம் மேசையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். மேல்பக்கம் உங்கள் கையோடு வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் எண்ணெய். உங்கள் கையும் உராயவில்லை, மேசையும் உராயவில்லை. உராய்வு முழுவதும் இரண்டு வழுவழுப்பான உட்சுவர்களுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது.

தோளில் எலும்புத் தாழ்வாரத்துக்கும் நாணுக்கும் நடுவில் இப்படி ஒரு பை இருக்கிறது. மருத்துவப் பெயர் பர்சா. லத்தீனில் பர்சா என்றால் பணப்பை. அப்பா சட்டைப்பையில் வைத்திருக்கும் பர்ஸ் அதற்குச் சொந்தக்காரன்தான். தமிழில் நான் சுருக்குப்பை என்று சொல்லிக்கொள்கிறேன். பாட்டியின் இடுப்பில் வெற்றிலையும் சில்லறையுமாகத் தொங்குமே, அது. ஒரே ஒரு வித்தியாசம். பாட்டியின் பை எப்போதும் புடைத்திருக்கும். தோளின் பை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். உள்ளே முட்டையின் வெள்ளைக்கருபோன்ற வழவழப்பான திரவம் ஒரு படலம் அளவுக்குத்தான் இருக்கும். நலமான தோளில் அந்தப் பையின் பருமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு.

உடம்பில் இப்படி 150-க்கும் மேற்பட்ட பைகள் உண்டு. முழங்கையில், முழங்காலில், இடுப்பில், குதிகாலில் என்று எங்கெல்லாம் எலும்பின்மேல் தோலோ நாணோ உரசுகிறதோ அங்கெல்லாம். சில பைகள் நாம் பிறக்கும்போதே இருக்கின்றன. சில, உரசல் அதிகமாகிற இடத்தில் உடம்பு பிறகு தைத்துக்கொள்பவை. அவற்றில் பெரிய பைகளில் ஒன்று தோளில் இருப்பது. பழைய ஆங்கில மருத்துவர்கள் இந்தப் பைகள் வீங்குவதற்குத் தொழிலை வைத்தே பெயர் சூட்டினார்கள். மண்டியிட்டுத் தரை துடைப்பவர்களுக்கு வருவது வேலைக்காரி முழங்கால். நாள் முழுக்கப் பலகையில் உட்கார்ந்தவர்களுக்கு வருவது நெசவாளர் பிட்டம். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. மேசையில் முழங்கையை ஊன்றிக் கன்னத்தில் கைவைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருவதன் பெயர் மாணவர் முழங்கை. படித்துக்கொண்டு உட்கார்ந்தார்களா, தூங்கிக்கொண்டு உட்கார்ந்தார்களா என்று அந்தப் பெயர் சொல்லவில்லை.

இப்போது அந்த எண்ணெய்க் கவரை உங்கள் வீட்டுக் கதவுக்கடியில் தள்ளிப் பாருங்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் பெரும்பாலும் 1 சென்டிமீட்டர் இடுக்கு இருக்கும். கவர் வழுக்கிக்கொண்டு போய்விடும். அடுத்து இன்னொரு கவரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டி அதே இடுக்கில் தள்ளுங்கள். (அம்மா பார்க்காத நேரமாகச் செய்ய வேண்டாம், பார்க்கிற நேரமாகவே செய்யுங்கள், கவர் உடைந்தால் துடைக்க ஆள் வேண்டும்.) முட்டிக்கொண்டு நிற்கிறதா? என் தோளில் நடந்தது அதுதான்.

தலைக்கு மேலே கையை வைத்து 1000 இழுப்பு இழுத்ததில் பை எரிச்சலடைந்துவிட்டது. உடம்பின் எந்தப் பாகம் எரிச்சலடைந்தாலும் ரத்தம் அங்கே கூடுதலாகப் பாயும், திரவம் கசியும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்று அழற்சிக்கு நான்கு அடையாளங்களை ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். பர்சா அழற்சிக்கு பர்சைட்டிஸ் என்று பெயர். தோளில் அந்தப் பை தடித்த டெல்டாய்டு தசைக்கடியில் ஒளிந்திருப்பதால் சிவப்பும் சூடும் வீக்கமும் பெரும்பாலும் வெளியே தெரியாது. மிஞ்சுவது வலி ஒன்றுதான். அதனால்தான் “நடிக்கிறீங்களா மாமா?” என்ற கேள்வி வருகிறது.

நடுவில் மட்டும் ஏன் வலி? கையைத் தொங்கவிடும்போது வீங்கிய பாகத்துக்கு நெருக்கடி இல்லை. தூக்கும்போது மேல்கை எலும்பின் புடைப்பு தாழ்வாரத்துக்கடியில் புகுந்து கடக்க வேண்டும். அந்தக் கடக்கும் நேரம்தான் 60 முதல் 120 பாகை. கடந்துவிட்டால் நெருக்கடி தளர்கிறது. பாலத்துக்கடியில் புகும் வைக்கோல் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். உரசுவது பாலத்துக்கடியில் மட்டும்தான்.

உங்கள் தோளிலேயே இந்தப் புடைப்பை உணரலாம். கையைப் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டு மெதுவாக மேலே தூக்குங்கள். தோள் மட்டத்துக்குப் பக்கத்தில் ஏதோ தடுக்கும். வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். அங்கேயே நிறுத்தி, உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். பூட்டுத் திறந்தாற்போலக் கை மேலே போகும். திருப்பும்போது எலும்பின் புடைப்பு தாழ்வாரத்துக்கடியிலிருந்து பின்னால் விலகிக்கொள்கிறது. வெள்ளையடிக்கிற பிரஷ்ஷை எப்படிப் பிடிப்போம்? கட்டைவிரல் உள்பக்கமாக. நான் இரண்டு நாள் செய்தது பூட்டிய கதவில் மோதியதுதான்.

அதன் பிறகு நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் போகாமல், துண்டை எடுத்துக் கழுத்தில் தூளி கட்டி, கையை அதில் போட்டுக்கொண்டு பத்து நாள் உலாவினேன். வலிக்கிற இடத்தை அசைக்காமல் வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணம். பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாம் விழுந்துவிட்டீர்களா என்று கேட்டதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பத்தாம் நாள் தூளியை அவிழ்த்தால் கை முன்னைவிடக் குறைவாகத்தான் தூக்க வந்தது. இரவில் அந்தப் பக்கம் புரண்டால் வலியில் விழிப்பு வேறு.

டாக்டர் கையைப் பல கோணத்தில் தூக்கிப் பார்த்தார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், பை தெரியாது. அல்ட்ராசவுண்டு ஸ்கேனில்தான் பையைப் பார்க்கலாம். திரையில் சாம்பல் நிறப் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. “இந்தக் கறுப்புதான் நீர். இவ்வளவு இருக்கக் கூடாது” என்றார். சில நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார். காய்ச்சலோடு தோள் சிவந்து சூடாக வீங்கினால் அது வேறு சங்கதி என்றும் சொன்னார். பைக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அதற்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பயிற்சி எல்லாம் பிறகு.

பிசியோதெரபி மையத்தில் இருந்தவர் என்னைவிட இருபது வயது சின்னவர். தூளிக் கதையைக் கேட்டதும் சிரித்தார். “கையைத் தாலாட்டித் தூங்க வெச்சிட்டீங்களே சார். இப்ப எழுப்பணும்.”

முதலில் அளந்தார். உங்கள் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் பாகைமானிக்கு இரண்டு நீளக் கைகள் முளைத்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கருவி. ஒரு கையை என் உடம்போரமாகவும் இன்னொன்றை மேல்கையோரமாகவும் வைத்துப் படித்தார். 70 பாகை. நோட்டில் தேதி போட்டு எழுதினார். “வலி பத்துக்கு எத்தனை சார்?” “ஏழு.” அதையும் எழுதினார். பரீட்சையில்கூட எனக்கு இவ்வளவு கவனமாக யாரும் மார்க் போட்டதில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு முழங்காலில் ஒயர்களை ஒட்டி ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் ஆசை வந்தது. “எனக்குக் கரன்ட் வைக்க மாட்டீங்களா மேடம்?”

“வெச்சா சுகமாத்தான் சார் இருக்கும். ஆனா உங்க கையைத் தூக்க வேண்டியது மெஷின் இல்லை, நீங்கதான்.”

பிறகு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பயிற்சி பார்க்க வேடிக்கையாக இருந்தது. இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு இடுப்பை வளைத்து முன்னால் குனிய வேண்டும். வலது கையை யானையின் தும்பிக்கைபோலத் தொங்கவிட வேண்டும். கையை ஆட்டக் கூடாது. உடம்பை லேசாக அசைத்தால் கை தானாக ஊசலாடும். பிறகு சின்ன வட்டம், தோசைக்கல்லில் மாவைத் தேய்க்கிற அளவுக்கு.

இதில் ஓர் அழகான வடிவியல் இருக்கிறது. நிமிர்ந்து நின்று கையை முன்னால் நேராக நீட்டுங்கள். உடம்புக்கும் கைக்கும் நடுவில் 90 பாகை. கையின் எடை முழுவதையும் தோள் தூக்கியாக வேண்டும். இப்போது உடம்பு தரைக்குக் கிடையாக வரும்படி குனிந்து கையைத் தொங்கவிடுங்கள். உடம்புக்கும் கைக்கும் நடுவில் அதே 90 பாகைதான்! ஆனால் தோள் எதையும் தூக்கவில்லை. பூமியே கையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கை உயரவில்லை, உடம்பு தாழ்ந்தது. வலிக்கிற தோளை ஏமாற்றி அசைய வைத்தாயிற்று.

இந்தத் தந்திரத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் (1869–1940). இன்றும் உலகம் முழுவதும் பிசியோதெரபி மையங்களில் இதற்குக் கோட்மன் பயிற்சி என்றுதான் பெயர். தோளுக்குள் இருக்கும் இந்தப் பையைப் பற்றி 1900-களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர். 1934-ல் தோளுக்காக மட்டும் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஆனால் எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் ஓர் அட்டை வைத்திருந்தார். என்ன நோய், என்ன செய்தோம், ஒரு வருஷம் கழித்து அந்த ஆள் எப்படி இருக்கிறார், சரியாகவில்லை என்றால் ஏன்? இது எல்லா மருத்துவமனையிலும் நடக்க வேண்டும், முடிவுகளை வெளியே சொல்ல வேண்டும் என்றார். கூட இருந்த பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. பழைய வேலையையும் விட்டார். சொந்தமாக நடத்திய ஒரு சின்ன மருத்துவமனையில் 337 நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ததில் 123 பிழைகள் நடந்தன என்று தானே அச்சிட்டு வெளியிட்டார். தன் தப்பைத் தானே அச்சடித்து விற்ற டாக்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பணமும் போய் நண்பர்களும் குறைந்துதான் காலமானார். அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் வைத்ததே 2014-ல்தான்.

அவர் கேட்ட கேள்வியைத் தோளிடமே மற்றவர்கள் கேட்டதுதான் இதில் சுவையான திருப்பம். கதவு இடுக்கு நினைவிருக்கிறதா? வீங்கிய பை சிக்கிக்கொள்கிறது என்றால் என்ன செய்யலாம்? கதவின் அடியைச் சீவிவிடலாம் என்று தச்சர் சொல்வார். 1972-ல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க மருத்துவர் அதையே விளக்கி எழுதினார். எலும்புத் தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தைச் செதுக்கிவிட்டால் இடம் கிடைக்கும். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த அறுவை நடந்தது. பலருக்குக் குணமும் ஆனது. செதுக்கியதால்தான் குணமானதா?

இதைக் கண்டுபிடிக்க பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் லான்செட் மருத்துவ இதழில் 2018-ல் வெளியாயின. 313 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையாகவே எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு மயக்க மருந்து கொடுத்து, தோளில் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் செதுக்காமல் மூடிவிட்டார்கள். (அவர்கள் முன்கூட்டியே இதற்குச் சம்மதித்தவர்கள்.) எலும்பு செதுக்கப்பட்டதா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்றாம் பிரிவுக்கு அறுவையே இல்லை. பல மாதம் கழித்துக் கேட்டபோது, செதுக்கிய தோளும் செதுக்காத தோளும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. அறுவையே செய்யாதவர்களும் பெரிதாகப் பின்தங்கவில்லை.

அப்படியானால் இடுக்கில் சிக்குகிறது என்ற விளக்கம் முழுக் கதை இல்லை. என் கதவுச் சோதனையும் பாதிக் கதைதான். மீதிப் பாதி நாணிலும் தசையிலும், அவற்றுக்குப் பழக்கமில்லாத வேலையைத் திடீரென்று கொடுத்ததிலும் இருக்கிறது. இன்று பல மருத்துவர்கள் பர்சைட்டிஸை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. பையும் நாணும் சேர்ந்து புண்பட்ட தோளாகப் பார்க்கிறார்கள். ஊசி போட்டால் சில வாரம் வலி அடங்கும், சிலருக்கு அது தேவையும்கூட. நாணை வலுவாக்குவது மெல்ல மெல்லக் கூட்டிய வேலைதான்.

அந்த வேலை எப்படிக் கூடியது என்று சொல்கிறேன். தும்பிக்கை ஆட்டம் ஒரு வாரம். அடுத்து, சுவரோரம் நின்று முழங்கையை மடித்து, புறங்கையால் சுவரை ஐந்து எண்ணும்வரை தள்ளுவது. சுவரும் நகராது, கையும் நகராது. ஆனால் உள்ளே தசை வேலை செய்யும். மூன்றாவது வாரம் கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பது. எலுமிச்சம்பழத்தை மூடியோடு பிடிக்கும் அந்த நாலு தசைகளுக்கான பயிற்சி இது. கூடவே விரல்களால் சுவர் ஏறுவது. சுவரைப் பார்த்து நின்று, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கால்கள் மாதிரி ஒவ்வொரு அடியாக மேலே ஏற வேண்டும். வலி பத்துக்கு மூன்று நான்குக்குள் இருந்தால் போகலாம், மறுநாள் காலையில் அதிகமாகியிருந்தால் ஒரு படி இறங்க வேண்டும். படுக்கும்போது அந்தப் பக்கம் சாயாமல், கைக்கடியில் ஒரு தலையணை.

முதுகுப் பக்கமும் பயிற்சி உண்டு. தோள் என்றால் தோள் மட்டும் இல்லை. உங்கள் நண்பனைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவன் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வையுங்கள். அவன் கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கட்டும். முதலில் எலும்பு சும்மா இருக்கும். பிறகு உங்கள் விரலுக்கடியில் நழுவி அக்குளை நோக்கிச் சுழலும். 1944-ல் இன்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் இதை அளந்தார்கள். கை 180 பாகை உயர்ந்தால் அதில் 120 தோள் மூட்டின் பங்கு, 60 தோள்பட்டை எலும்பின் பங்கு. இரண்டுக்கு ஒன்று. தாழ்வாரம் தோள்பட்டை எலும்பின் பாகம்தானே? அது சரியாகச் சுழன்றால் தாழ்வாரமும் கூடவே விலகி வழிவிடும். கூன்போட்டு உட்கார்ந்துகொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள், பிறகு நிமிர்ந்து தூக்கிப் பாருங்கள். எவ்வளவு வித்தியாசம்!

பிசியோ அம்மாவை நான் ஆறு வாரத்தில் நாலே முறைதான் பார்த்தேன். மீதி எல்லாம் வீட்டுப் பாடம். இதுவும் ஆராயப்பட்ட விஷயம்தான். 2021-ல் லான்செட்டில் வந்த இன்னொரு பிரிட்டன் ஆய்வில், 708 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆறு முறை வரை பயிற்சிச் சந்திப்பு. இன்னொரு பகுதியினருக்கு ஒரே ஒரு முறை நன்றாக உட்கார வைத்துப் பேசி, பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷத்தில் இரண்டு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே மாதிரித் தேறினார்கள். பிசியோதெரபி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எதை, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவர் ஒருமுறையாவது சொல்ல வேண்டும். அதன் பிறகு சுவர் ஏற வேண்டியது நம் விரல்தான்.

உங்கள் வயதில் பர்சைட்டிஸ் அபூர்வம். அதற்காகத் தோள் வலியை மறைத்துக்கொண்டு பந்து வீசாதீர்கள். உங்கள் மேல்கை எலும்பின் உச்சியில், தோளுக்குப் பக்கத்தில், வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. அந்த எலும்பு நீளமாக வளர்வதில் சுமார் 80 சதவீதம் அங்கேதான் நடக்கிறது. அளவுக்கு மீறி எறிந்தால் நோவது அந்தத் தட்டு. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் ஆட்டத்தில் 2007 முதல் ஒரு நாளில் ஒரு பையன் எத்தனை பந்து வீசலாம் என்று எண்ணி நிறுத்துகிறார்கள். 11, 12 வயதுக்கு 85. நம் தெரு கிரிக்கெட்டில் யார் எண்ணுகிறார்கள்? எறியும்போது தோள் வலித்தால் அப்பா அம்மாவிடமோ விளையாட்டு ஆசிரியரிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இங்கே நான் செய்த பயிற்சிகளை நீங்களாகச் செய்து பார்த்துச் சமாளிக்க வேண்டாம்.

என் கணக்கை என் அக்கா மகள் எடுத்துக்கொண்டாள். எண்ணுவதற்கு ஏதாவது கிடைத்தால் விடுவாளா? சுவர் ஏறும்போது விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். முதல் கோடு என் மார்பு உயரம். அடுத்த வாரம் மூக்கு. நடுவில் ஒருநாள் ஆர்வக் கோளாறில் அரிசி மூட்டையைத் தூக்கி, நாலு நாள் கோடு கீழே இறங்கியது. அதையும் விடாமல் எழுதினாள். கோட்மன் இருந்தால் அவளுக்கு வேலை கொடுத்திருப்பார். ஆறாவது வாரம் கையை முழுக்க நீட்டிக் காலண்டர் ஆணிக்கு மேலே ஒரு கோடு. பாகைமானியில் 165.

இப்போது கூடத்துச் சுவரில் இருபத்து மூன்று பென்சில் கோடுகளும், இருபத்து மூன்று தேதிகளும், வரிசையாக விரல் அழுக்கும் இருக்கின்றன. நான் வெள்ளையடித்த அதே சுவர். அடுத்த போகிக்கு மறுபடி அடித்தே ஆக வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. ரோலருக்கு ஆறடிக் கழி ஒன்று இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.